முதலீட்டாளர் பணம்: கைநீட்டும் முன் எழுத்தில் இருக்க வேண்டியவை

“புதிய உணவுப்பொருள் கம்பெனிக்குப் பங்குதாரர்கள் தேவை. குறைந்தபட்சம் 1 லட்சம் ரூபாய். மாதம் 3 சதவீதம் லாபம் உறுதி. உடனே அழைக்கவும்.”

இந்த மாதிரிச் செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வருகின்றன. அனுப்புகிறவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் அல்ல. அடமானம் இல்லை என்று வங்கி கைவிரித்த பிறகு, தெரிந்த நாலு பேரிடம் பணம் திரட்டித் தொழில் தொடங்கிவிடலாம் என்று நம்பும் இளைஞர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அந்தச் சில வரிகளே இரண்டு சட்டங்களோடு மோதுகின்றன. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு விற்கும் ‘தனியார் ஒதுக்கீட்டு’க்கு ஊரறிய விளம்பரம் செய்வதைக் கம்பெனிகள் சட்டம் தடுக்கிறது. அனுமதி பெறாமல், உறுதியான வருமானம் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் திரட்டுவதை 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. அழைப்பு விடுத்தாலே 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. பணத்தை வாங்கிவிட்டால் 2 முதல் 7 ஆண்டு வரை.

அதற்காகத் தனியார் முதலீடு என்றாலே பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2010-ல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், அடுத்த ஆண்டே ஆக்செல் நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் முதலீடு பெற்றது. பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. வெளியார் பணம் ஒரு தொழிலை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகும் என்பதற்கு இது கண்முன் உள்ள சாட்சி. அந்தப் பணம் எந்த வழியில், எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்துகொள்வதுதான் தொழில் தொடங்குபவருக்கும் பணம் போடுபவருக்கும் பாதுகாப்பு.

கடனா, பங்கா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. கடன் என்றால் தொழில் ஓடினாலும் படுத்தாலும் திருப்பித் தர வேண்டும். பங்கு என்றால் முதலீட்டாளர் நிறுவனத்தில் ஒரு பகுதிக்கு உரிமையாளர். லாபம் வந்தால் அவருக்கும் உண்டு, நஷ்டம் வந்தால் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. “பங்கும் வேண்டும், மாதாமாதம் வட்டியும் வேண்டும்” என்று வாய்வார்த்தையாகப் பேசி முடிக்கும் ஏற்பாடுதான் பின்னாளில் காவல் நிலையப் புகாராக வந்து நிற்கிறது.

தனிநபர் பெயரில் நடக்கும் தொழிலில் பங்கு விற்கவே முடியாது. கூட்டு வணிகத்தில் ஒருவரைப் பங்குதாரராகச் சேர்த்தால், நிறுவனத்தின் கடன்களுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகிவிடும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பணத்தோடு நின்றுவிடும். தொடக்க நிலைத் தொழில்களில் சொந்தப் பணத்தைப் போடும் ‘ஏஞ்சல்’ முதலீட்டாளர்கள் கம்பெனி பதிவை எதிர்பார்ப்பது இதனால்தான்.

200 பேர் என்ற எல்லை

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 42-வது பிரிவு, தனியார் ஒதுக்கீட்டின் ஒவ்வொரு படியையும் வகுத்துவைத்திருக்கிறது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வாங்க அழைக்கக் கூடாது. தகுதி பெற்ற நிதி நிறுவனங்களும், ஊழியர் பங்குத் திட்டத்தில் பங்கு பெறும் பணியாளர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அழைக்கப்படுபவர்களின் பெயர் முன்பே பதிவில் இருக்க வேண்டும். பெயரிட்ட விண்ணப்பத்தோடு அழைப்புக் கடிதம் போக வேண்டும். பணம் ரொக்கமாக வரக் கூடாது. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியாகத் தனி வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதுவும் தவறினால், 60-வது நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டி சேரும். பங்கு ஒதுக்கிய 15 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் பாஸ்-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அது தாக்கலாகும் வரை அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. பணம் வந்த மறுநாளே இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிடும் ஆர்வக்கோளாறு சட்டமீறலாக முடியும் இடம் இதுதான். மீறினால் திரட்டிய தொகை அல்லது 2 கோடி ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவரை அபராதம் விதிக்கலாம். வாங்கிய பணத்தையும் வட்டியோடு திருப்ப வேண்டிவரும்.

‘தனியார் ஒதுக்கீடு’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பணம் திரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு சஹாரா வழக்கே பாடம். அந்தக் குழுமத்தின் இரண்டு கம்பெனிகள், தங்களோடு தொடர்புடையவர்களிடம் மட்டுமே கடன் பத்திரம் வழியாகப் பணம் வாங்கியதாக வாதிட்டன. பணம் போட்டவர்களாகக் காட்டப்பட்டவர்களோ ஏறத்தாழ 3 கோடிப் பேர். அப்போது சட்டம் வைத்திருந்த வரம்பு 50 பேர்தான். 2012 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம், 24,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை 15 சதவீத வட்டியோடு திருப்பித் தர உத்தரவிட்டது. சிறு கம்பெனிக்கும் இதே அளவுகோல்தான்.

சதவீதத்துக்குப் பின்னால்

முதலீட்டாளர் 1 கோடி ரூபாய் தருகிறார். அதற்கு முன் கம்பெனியின் மதிப்பு 4 கோடி என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. பணம் வந்த பின் மதிப்பு 5 கோடி. முதலீட்டாளருக்கு 20 சதவீதம். இதுவரை எளிய கணக்கு.

எதிர்பார்த்தபடி தொழில் வளரவில்லை, மூன்று ஆண்டில் கம்பெனி 1.5 கோடிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதப்படி முதலீட்டாளருக்கு 30 லட்சம், நிறுவனருக்கு 1.2 கோடி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ‘கலைப்பு முன்னுரிமை’ என்ற ஷரத்து இருந்தால், முதலீட்டாளர் தான் போட்ட 1 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார். நிறுவனருக்கு 50 லட்சம். அதோடு ‘மீதியிலும் பங்கு’ என்ற சொற்கள் சேர்ந்திருந்தால், மிச்சமுள்ள 50 லட்சத்திலும் 20 சதவீதமாக 10 லட்சம் அவருக்குப் போகும். நிறுவனர் கையில் 40 லட்சம்தான். மூன்று சூழலிலும் பங்கு அதே 20 சதவீதம். வேறுபாடு ஒரே ஷரத்தில்.

இந்த ஷரத்தைக் கேட்பது முதலீட்டாளரின் பேராசை அல்ல. தொழில் சரிந்தால் போட்ட பணத்தையாவது மீட்க அவருக்கு இருக்கும் வழி அது. அதைப் புரிந்துகொண்டு, பேரம் பேசி, கையெழுத்திட வேண்டும்.

கட்டுப்பாடு யாரிடம் என்பது இன்னொரு கேள்வி. சாதாரணத் தீர்மானத்துக்குப் பதிவாகும் வாக்குகளில் பாதிக்கு மேல் போதும்; சிறப்புத் தீர்மானத்துக்கு 75 சதவீதம் வேண்டும். ஒருவர் கையில் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவரை மீறிச் சிறப்புத் தீர்மானம் எதுவும் நிறைவேறாது. இயக்குநர் குழுவில் எத்தனை இடம், எந்தெந்த முடிவுக்கு முதலீட்டாளரின் முன் சம்மதம் வேண்டும், நிறுவனர் விலகினால் அவர் பங்கு என்னவாகும் என்பதெல்லாம் பங்குதாரர் ஒப்பந்தத்தில் இருக்கும். ஹவுசிங் டாட் காம் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும் தலைமைச் செயல் அதிகாரியுமான ராகுல் யாதவை 2015 ஜூலையில் அதன் இயக்குநர் குழுவே பதவியிலிருந்து நீக்கியது. தொடங்கியவர் என்பதற்காக நாற்காலி நிலைத்துவிடாது.

ஒப்பந்தத்தில் உள்ள முக்கிய ஷரத்துகள் கம்பெனியின் செயல்விதிகளிலும் ஏற வேண்டும். இதைக் கம்பெனி செயலரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிச் சரிபார்ப்பது வீண் செலவு அல்ல.

போலிகள் வரும் வழி

“10 கோடி முதலீடு தயார். ஆவணக் கட்டணம் 2 லட்சம் மட்டும் முதலில் கட்டுங்கள்” என்று தொடங்கும் அழைப்புகள் பணத்தேவையில் இருப்பவர்களையே குறிவைக்கின்றன. முதலீட்டாளர் பணம் போட வருகிறவர். அவருக்கு முன்பணம் எதற்கு? ஆய்வுக் கட்டணம், கமிஷன், முத்திரைச் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். இணையத் தளங்கள் வழியாகத் தனியார் முதலீடு திரட்டித் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2016 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் தர வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு.

நேர்மையான வாசல்களும் இருக்கின்றன. 2007 முதல் இயங்கும் ‘தி சென்னை ஏஞ்சல்ஸ்’ போன்ற முதலீட்டாளர் குழுக்கள் உண்டு. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன், டான்சீட் திட்டத்தில் ஆதார நிதி தருகிறது. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு அரசின் தனி நிதியும் உண்டு. பங்கு மதிப்பை மிகையாகக் காட்டியதாகச் சொல்லிக் கம்பெனியிடம் வசூலித்துவந்த ‘ஏஞ்சல் வரி’யும் 2024 பட்ஜெட்டில் நீக்கப்பட்டுவிட்டது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரர் பணம் போடுகிறார் என்றால் அந்நியச் செலாவணி விதிகளும் சேர்ந்துவரும். பணத்தை வங்கி வழியாகவே பெற வேண்டும். வெளிநாட்டு முதலீடாகக் கணக்கில் வந்தால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கான படிவம் தாக்கலாக வேண்டும். ஹவாலாவில் வந்த பணத்துக்கு எந்த உரிமையும் கேட்க முடியாது.

தகராறு வந்தால்

பணம் போட்டவருக்குப் பங்கும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால், கம்பெனிப் பதிவாளரிடம் புகார் தரலாம். பங்கு ஒதுக்கீடு உண்மையிலேயே பதிவானதா என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

கணக்குக் காட்ட மறுப்பது, பங்கைக் குறைக்கும் நோக்கில் புதிய பங்கு வெளியிடுவது, கம்பெனிப் பணத்தைத் திருப்பிவிடுவது போன்றவை ஒடுக்குமுறையாகவும் முறைகேடான நிர்வாகமாகவும் அமைந்தால், 10 சதவீதப் பங்கு வைத்திருப்பவர் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. முதலீட்டாளருக்குள்ள இந்த உரிமை, சிறுபான்மையாகிப்போன நிறுவனருக்கும் உண்டு.

மாத வட்டி ஆசைகாட்டிப் பணம் வாங்கி ஏமாற்றியிருந்தால் தமிழகக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுக வேண்டும். 1997-ன் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி சொத்துகளை முடக்க முடியும். திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கில் கோவை சிறப்பு நீதிமன்றம் 2022-ல் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது இந்தச் சட்டத்தின் வழியில்தான்.

புகார் எதுவானாலும் வங்கிப் பரிமாற்ற விவரம், கையெழுத்தான ஒப்பந்தம், பங்குச் சான்று அல்லது டீமேட் பதிவு, மின்னஞ்சல்கள் ஆகியவை கையில் இருக்க வேண்டும். பணம் தரப்போகிறவர்களும் வாங்கப்போகிறவர்களும் இந்த ஆவணங்களைத் தயார் செய்யும் வரை ஒரு வாரம் காத்திருங்கள். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அவரோடு பணப் பேச்சு வேண்டாம்.