விடிய விடிய ஒரு பள்ளிக்கூடம்

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் பூர்வீகம் எது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் பழைய வட ஆற்காட்டில்தான் போய் நிற்கும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை நடத்தத் தொடங்கிய பிறகு, பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி அங்கே போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்த மக்கள் விட்டுவிட்டுப் போன ஊர்களின் ராத்திரிக் கலை, கூத்து. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, அவர்களின் பூர்வீகச் சீமைக்குப் பக்கத்தில், காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சை அரசந்தாங்கலில் அந்தக் கூத்துக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் பிறந்தது.

கட்டைக்கூத்து குருகுலம் என்று அதற்குப் பெயர். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும், கட்டைக்கூத்தை ஆராய நெதர்லாந்திலிருந்து வந்து அவருடைய மனைவியான ஹன்னே டி புரூயினும் தொடங்கியது.

'தெருக்கூத்து' என்று ஊர் உலகம் சொல்வதைக் கட்டைக்கூத்து என்றே சொல்ல வேண்டும் என்பதில் ராஜகோபால் பிடிவாதமானவர். அரசனும் வீரனும் பூணுகிற கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை எல்லாம் மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. அந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து. 'தெரு' என்ற சொல் கலைஞனைத் தெருவிலேயே நிறுத்திவைக்கிறது என்பது அவர் மனக்குறை. அதில் நியாயம் இருக்கிறது.

பள்ளி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே காரணம். அப்பா பொன்னுசாமி கூத்து வாத்தியார். மகன் 10 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சேர்ந்தார். கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா வைத்துவிட்டால், ராத்திரி பத்து மணிக்கு மேளம் கட்டி, பொழுது விடிகிறவரை ஆட வேண்டும். விடிய விடிய ஆடிய பிள்ளை காலையில் எந்த வகுப்பில் போய் உட்காரும்? படிப்பா, கூத்தா என்று வீடுகள் தீர்மானித்தபோது தோற்றது எப்போதும் ஏதோ ஒன்று.

ராஜகோபாலும் தொழில்முறைக் கலைஞர்களும் சேர்ந்து 1990-இல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம், இந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சொன்ன பதில்தான் குருகுலம். பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். பாடப் புத்தகமும் உண்டு, அடவும் உண்டு. ஒரே கூரையின் கீழ் கணக்கும் கர்ண மோட்சக் கூத்தும்.

கூத்து தனியாகக் கற்கிற வித்தை அல்ல. ஒருவன் பாடும்போது பின்பாட்டுக்கு ஆள் வேண்டும். மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் கூடவே வர வேண்டும். அரிதாரம் பூசவும், முதுகுப் பக்கம் கட்டையை இறுக்கிக் கட்டவும் இன்னொரு கை வேண்டும். திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனன் பாட்டெடுத்த பிறகு, கோமாளியான கட்டியங்காரன் எடக்காக ஒரு கேள்வி கேட்டால்தான் சபை கலகலக்கும். ஆகவே சேர்ந்து வாழ்வது என்பது அந்தப் பள்ளியில் விடுதி வசதியாக மட்டும் இருக்கவில்லை, பாடத்திட்டமாகவே இருந்தது. ஒரு நாள் அரசன் வேஷம் கட்டியவன் மறுநாள் தாளம் தட்டினான்.

மற்றப் பள்ளிகளில் ஆண்டுவிழா என்றால் மூன்று மணி நேரத்தில் பரிசளித்து நாட்டுப்பண் பாடிவிடலாம். குருகுலத்தில் விழா என்றால் முழு ராத்திரியும் நடந்தது. வளாகத்தின் திறந்தவெளி அரங்குக்கு முன்னால் பாயோடும் போர்வையோடும் வந்து உட்கார்ந்த ஜனம். நடுச்சாமத்தில் தூங்கி, திரௌபதி சபைக்கு இழுத்துவரப்படும்போது எழுந்துகொண்ட குழந்தைகள். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த கதையை இந்தப் பிள்ளை எப்படிப் பாடப்போகிறது என்பதற்காகத்தான் கண்விழிப்பு. சங்கம் நடத்திய கட்டைக்கூத்து விழாக்களில் மற்ற ஜமாக்களும் வந்து ஆடின. நாலு ஊர்ப் பாணியை ஒரே இடத்தில் பார்ப்பது மாணவர்களுக்கு எந்தப் புத்தகமும் தராத பாடம்.

குருகுலம் செய்த பெரிய காரியம் வேறொன்று. பரம்பரையாகப் பாஞ்சாலி வேஷம் கட்டியவர்களும் ஆண்களே. இங்கே பெண்பிள்ளைகள் கட்டையைக் கட்டினார்கள். பாஞ்சாலியோடு நிற்கவில்லை, துரியோதனனாகவும் வந்து அரங்கை அதிரவைத்தார்கள். ஆனால் ராத்திரியில் ஊர் ஊராகப் போகிற தொழிலுக்குப் பெண்ணை அனுப்புவதா, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கேள்வி அவர்களைத் துரத்தியது. பயிற்சி முடித்து, குரலும் கூடி வரும் வயதும், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற வயதும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அரங்கில் யாராலும் அசைக்க முடியாத துரியோதனன், தாலி ஏறியதும் வேஷத்தைக் கழற்றி வைக்க நேர்வது அந்தப் பெண்ணுக்கு மட்டுமான இழப்பல்ல.

வெளியுலகம் கட்டைக்கூத்தைக் கவனிக்காமல் இல்லை. கர்நாடக இசைக் கலைஞர்கள் சங்கீதா சிவக்குமாரும் டி.எம். கிருஷ்ணாவும் ராஜகோபாலின் குழுவோடு ஒரே மேடையில் இணைந்து, கச்சேரியும் கூத்தும் கலந்த நிகழ்ச்சியை உருவாக்கினார்கள். கூத்துக்காரரும் சபாக்காரரும் சமமாக உட்கார்ந்த மேடை அது.

2020-இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு. பாரதப் போர் பதினெட்டு நாள் என்பதால் கூத்துக்காரர்களுக்கு நெருக்கமான எண். ஆனால் பதினெட்டாம் நாள் போரோடு கூத்து முடிந்துவிடுவதில்லை. பொழுது விடிந்ததும், மண்ணால் செய்து படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் மேல், அவன் வீழ்ந்ததைக் காட்டும் படுகளம் நடக்கும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். பிறகு ஜனங்கள் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, விளைச்சல் பெருக வேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.