துரு எதைத் தின்கிறது?

உங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் அடிப்பகுதி செதில் செதிலாக உதிர்ந்தால் என்ன சொல்வீர்கள்? “துரு தின்றுவிட்டது” என்பீர்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் “காராட்” என்பார். யாழ்ப்பாணத் தமிழருக்கு அது “கறள்”. மலாயில் அதே ‘காராட்’ தங்கத்தின் மாற்றையும் குறிக்கும். துருவே பிடிக்காத பொருளுக்கும் துருவுக்கும் ஒரே சொல் அமைந்தது வேடிக்கைதான்.

தமிழில் துரு இரும்புக்கே உரிய சொல். செம்பிலும் பித்தளையிலும் பச்சையாகப் படிவது களிம்பு. வெள்ளியோ கறுக்கிறது. இந்தப் பாகுபாடு அறிவியலுக்கும் பொருந்துகிறது. திறந்த வெளியில் இருக்கும் செம்பின் மேல் உருவாகும் பச்சைப் படலம் நாளடைவில் இறுக ஒட்டிக்கொண்டு, அடியில் உள்ள உலோகத்தைக் காக்கும். துரு அப்படியல்ல. அது இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால் உப்பி, வெடித்து, உதிரும். அடியில் இருக்கும் புது இரும்பு மறுபடி காற்றையும் ஈரத்தையும் சந்திக்கும். கடற்காற்றின் உப்பு இதை இன்னும் விரைவுபடுத்தும்.

காப்பி இலையில் ஆரஞ்சுப் பொடியாகப் படியும் பூஞ்சையையும் துரு நோய் என்பார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது அதுதான். அதில் இரும்புக்கு வேலையே இல்லை, நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். “பேசாமல் இருந்து மலாய் துருப்பிடித்துவிட்டது” என்பதும் அப்படி இரவல் போன சொல்தான்.

மீண்டும் கேட்டுக்கு வருவோம். துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்த பொருள். பூமியில் இரும்பு பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்தேதான் கிடைக்கிறது. பத்து பஹாட் அருகே ஸ்ரீ மேடானில் 1920களில் ஜப்பானியர் வெட்டி ஏற்றுமதி செய்த இரும்புத் தாதுவும் துருவுக்கு நெருங்கிய உறவுதான். உலையில் நாம் பிரித்தெடுத்த ஆக்சிஜனை இரும்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

ஆகவே ‘துரு தின்றுவிட்டது’ என்பது பாதி உண்மை. இரும்பும் தின்கிறது, காற்றில் உள்ள ஆக்சிஜனை. ஒரு கிலோ இரும்பு முழுவதும் துருவாக மாற சுமார் 430 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் காற்றில் இருப்பது அவ்வளவுதான். வாசலில் நிற்கும் கேட்டுக்கு இது பொருட்டே அல்ல, காற்று வந்துகொண்டே இருக்கும். மூடிய தொட்டிக்குள்?

5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள, பூச்சு இல்லாத இரும்புத் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம், மேலே இறுக்கிய மூடி. சுவர், தரை, மூடி எல்லாவற்றின் உட்புறத்திலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனம் துருவானால் போதும், உள்ளிருக்கும் ஆக்சிஜன் பாதியாகிவிடும். அது ஒரு தாளின் கனம்கூட இல்லை. பார்த்தால் ‘லேசாகத் துருப்பிடித்திருக்கிறது’ என்றுதான் சொல்வோம்.

சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 16க்குக் கீழே இறங்கினால் நிதானம் தடுமாறும். 10க்குக் கீழே மயக்கம். மூச்சுத் திணறல் முன்கூட்டியே எச்சரிக்கும் என்று நம்பாதீர்கள். நம் உடல் பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதைத்தான் மூச்சு முட்டலாக உணர்கிறது. ஆக்சிஜன் குறைவதற்கு வாசனையும் இல்லை. எந்த நச்சுப் பொருளும் வைக்காத வெறும் தொட்டியிலும் ஆள் விழுவது இதனால்தான்.

பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறை வேலைக்கோ, செம்பனை ஆலையில் தொட்டி கழுவவோ போகிறவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை, உள்ளே ஆக்சிஜன் 19.5க்கும் 23.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. முன்பு சொன்ன தொட்டியில் சில கிலோ இரும்பு துருவானாலே அந்தக் கீழ் எல்லை தாண்டிவிடும். எனவே கருவியால் மேலும் நடுவிலும் அடியிலும் அளந்து பார்த்த பிறகே இறங்க வேண்டும். வேலை முடியும்வரை காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், வாசலில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்தால், சுவாசக் கருவி இல்லாமல் அவரைத் தூக்க இறங்காதீர்கள். வெளியிலிருந்தே கயிற்றால் இழுக்கப் பாருங்கள், 999ஐ அழையுங்கள்.