உயர்த்திய வண்டிக்கு ஏற்ற அப்பர் ஆர்ம்

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென்று வண்டியைத் தரையினின்றும் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நெடுநாளாக உண்டு. அங்கே டொயோட்டா டகோமா, ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளுக்கு இதற்கான உறுப்புக்கள் பல வகையில் விற்பனையாகின்றன. நம் நாட்டிலும் லடாக், ஸ்பிதி, அருணாசலப் பிரதேசம் முதலிய மலைப்பகுதிகளுக்குச் செல்வோர் சிலர் இவ்வாறு செய்துகொள்கின்றனர். வண்டியை உயர்த்தியவுடன் எழும் கேள்வி, புதிய அப்பர் ஆர்ம் வாங்க வேண்டுமா, வாங்கினால் எதை வாங்குவது என்பதாகும். இதற்கு விடை காண, அவ்வுறுப்பின் வேலை இன்னதென்று முதலில் அறிந்துகொள்ளல் நலம்.

முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஆர்ம்கள் பற்றி நிற்கின்றன. அவற்றின் உள்முனைகள் ரப்பர் புஷ்களின் வழியே சட்டத்தோடு பொருந்தியவை. வெளிமுனைகளில் பால் ஜாயின்ட் என்னும் பந்து மூட்டுக்கள் உள்ளன. ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மீது அமர்ந்து வண்டியின் சுமையைத் தாங்குகிறது. சக்கரத்தின் மேற்பகுதி எப்பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வகுப்பது மேல் ஆர்மின் பணி. ஆகவே, அப்பர் ஆர்மை மாற்றினால் வண்டி உயரும் என்று எண்ணுவது பொருந்தாது. உயரத்தைத் தருவது ஸ்பிரிங். உயர்ந்ததனால் மாறிய கோணத்தைச் சீர்செய்வது அப்பர் ஆர்ம்.

டொயோட்டா ஃபார்ச்சூனர், இசூசு வி-கிராஸ், 2020-இல் வெளிவந்த மஹிந்திரா தார் ஆகியவை இவ்வமைப்பைச் சேர்ந்தவை. மாருதி ஜிம்னி, ஜீப் ராங்ளர் ஆகியவற்றில் இரு முன்சக்கரங்களையும் ஒரே ஆக்சில் இணைக்கிறது. ராங்ளரில் அப்பர் ஆர்ம் என்று வழங்குவது அந்த ஆக்சில் உருண்டுவிடாமல் பிடித்திருக்கும் வேறோர் உறுப்பு. இங்கே சொல்லப்படுவன அவற்றுக்குப் பொருந்தா.

இனி, உயர்த்துவதால் நேரும் மாற்றத்தைக் காண்போம். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருப்பதை எல்லோரும் கண்டிருப்பர். கைப்பிடியை விட்டாலும் சைக்கிள் சிறிது தூரம் நேரே செல்வதற்கு அச்சாய்வும் ஒரு காரணம். மோட்டார் வண்டியிலும் மேல் பந்து மூட்டு, கீழ் மூட்டைவிடச் சற்றுப் பின்னே அமைந்துள்ளது. இச்சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். வண்டியை உயர்த்தும்போது ஆர்ம்கள் கீழ்நோக்கித் தொங்க, பெரும்பாலான வண்டிகளில் இக்காஸ்டர் குறைந்துவிடுகிறது. சக்கரத்தை முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் கேம்பர் என்ற சாய்வும் மாறுகிறது. விளைவு என்ன? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நிலைகொள்ளாமல் அலைகிறது. திருப்பிய ஸ்டீயரிங் தானே நேராக வருவதில்லை. டயரின் ஓரம் விரைவில் தேய்கிறது. ஒரு புறம் பள்ளத்தாக்கு உள்ள மலைச்சாலையில் இவை சிறு குறைகள் அல்ல.

மற்றொரு தீங்கும் உண்டு. பந்து மூட்டு ஓர் எல்லைவரையில்தான் திரும்பும். உயர்த்திய வண்டி பள்ளத்தில் சக்கரத்தைத் தொங்கவிடும்போது அம்மூட்டு தன் எல்லையை முட்டி நெரிபடுகிறது. பலமுறை நெரிபட்ட மூட்டு கழன்றுவிடுமாயின் சக்கரம் சாய்ந்து மடங்கி, வண்டி ஓட்டுபவர் வசம் இராது.

இவ்வளவு இருப்பினும், உயர்த்திய ஒவ்வொரு வண்டிக்கும் புதிய அப்பர் ஆர்ம் வேண்டுமென்பதில்லை. உயர்வு இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால், பல வண்டிகளில் பழைய ஆர்மைக்கொண்டே வீல் அலைன்மென்டைச் சரிசெய்துவிடலாம். நான்கு அல்லது ஆறு அங்குலம் உயர்த்தும் சில அமைப்புகளில், கீழ் ஆர்மின் பிடிப்பிடங்களையே தாழ்த்தி, உயரமான நக்கிளையும் தருகிறார்கள். அங்கும் கோணம் பெரிதும் கெடுவதில்லை. இடைப்பட்ட உயர்வில், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியவர்க்கே இதன் தேவை மிகுதி. ஆதலால் முதலில் அலைன்மென்ட் செய்து பாருங்கள். அளவுகள் தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் வாராவிடின், அப்போது வாங்குங்கள்.

வாங்கும்போது மூன்றைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, வெளிமுனையின் மூட்டு. உறையிட்டு மூடிய பால் ஜாயின்ட் மழையையும் புழுதியையும் தாங்கும், ஓசை குறைவு. யூனிபால் எனப்படும் திறந்த மூட்டு அதிகக் கோணம் திரும்பும். பாலைவனப் பந்தய வண்டிகளுக்கு அது உகந்தது. ஆனால் அதனுள் மணலும் சேறும் புகும். அடிக்கடி துடைத்துப் பார்க்க வேண்டும். நாள்தோறும் அலுவலகத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மலைக்கும் செல்லும் வண்டிக்கு மூடிய மூட்டே தக்கது.

இரண்டாவது, உள்முனையின் புஷ். ரப்பர் அமைதியானது, பராமரிப்பு வேண்டாதது. பாலியூரித்தேன் கெட்டியானது, காலந்தோறும் கிரீஸ் இடாவிட்டால் கிறீச்சிடும். மூன்றாவது, ஆர்மின் வடிவம். அது மேல் மூட்டைப் பின்னுக்கு நகர்த்திக் காஸ்டரைக் கூட்டித் தருகிறதா, சக்கரம் முழுதும் தொங்கும்போது ஸ்பிரிங்கின்மேல் உராயாமல் விலகி நிற்கிறதா என்று கேட்டறிய வேண்டும். பெரிய டயர் போட்டிருந்தால், சக்கரம் சிறிது பின்னே நகர்வதால் உட்புறத்தில் உராய்வு நேரலாம், அதையும் பார்த்துக்கொள்க. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் கோணத்தை எந்த அப்பர் ஆர்மும் திருத்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதும் இறுக்கலாகாது. சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கையில் இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் எப்போதும் முறுக்குண்ட நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுக்களையும் அலைன்மென்டையும் மறுபடி பார்த்துவிடுவது நல்லது.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரண்படுமாறு வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மத்தியச் சட்டமாதலால், நேயர்கள் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் இது பொருந்தும். எனவே பணம் செலவிடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் பட்டறைக்காரரிடம் இவற்றை எப்படி விளக்குவது என்று தயங்க வேண்டியதில்லை. அப்பர் ஆர்ம், பால் ஜாயின்ட், காஸ்டர், கேம்பர் ஆகிய சொற்கள் தில்லியிலும் புணேயிலும் கௌஹாத்தியிலும் அவையே. வேலை தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் அலைன்மென்ட் இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரு தாள்களையும் தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட்டால், வேலை சரியாக நடந்ததா என்பதை நீங்களே அறியலாம். எண்களைப் படிக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.