சரீரம் முந்திச் சொல்லும்



ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களோடு நாங்கள் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறோம். "நர்ஸ் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை" என்று சத்தமிடுகிறவரிடம், "காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? நெஞ்சு படபடக்கிறதா?" என்று கேட்போம். சற்று மௌனமாயிருந்துவிட்டு, "பயமாயிருக்கிறது ஐயா" என்பார். கோபம் என்று அவர் எண்ணியிருந்தது பயமே.

தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து நிதானமாய் நடக்கும் திறமையை 'உணர்வுசார் நுண்ணறிவு' என்கிறார்கள். பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1990-ல் இதை விளக்கி எழுதினார்கள். டேனியல் கோல்மனின் 1995-ஆம் ஆண்டு நூல் அதைப் பலரும் அறியச் செய்தது.

இத்திறமையின் ஒரு வேர் சரீரத்தில் இருக்கிறது. இருதயத் துடிப்பு, மூச்சு, பசி, குடலின் அசைவு ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் நரம்புகள் வழியே ஓயாமல் மூளைக்குப் போகின்றன. மூளையின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் 'இன்சுலா' என்ற பகுதி அவற்றை நாம் உணர உதவுகிறது. தங்கள் இருதயத் துடிப்பை நாடி பிடிக்காமலே சரியாக உணர்ந்தவர்களிடம் இப்பகுதி அதிகம் இயங்கியதை, ஹியூகோ கிரிட்ச்லியும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்டார்கள்.

நம் பேச்சும் இதை அறியும். பயத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பொறாமையில் வயிறு எரிகிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது. சுவிசேஷங்களில் 'மனதுருகி' என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல்லும் உள்ளுறுப்புகளின் பெயரிலிருந்தே பிறந்தது.

ஆனால் சரீரம் செய்தியை மட்டுமே சொல்லும். அதன் பொருளை நாம்தான் விசாரிக்க வேண்டும். ஒரே படபடப்பு பயத்திலும் வரும், கோபத்திலும் வரும், வெறும் வயிற்றில் குடித்த காப்பியாலும் வரும். ஆகவே பேசுமுன் சற்று நின்று, எங்கே இறுகுகிறது, காரணம் என்ன, இதன் பெயர் என்ன என்று நம்மையே கேட்போம்.

எல்லாவற்றையும் மனக்கவலை என்று தள்ளிவிடவும் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தன் பயத்தை அறிந்துகொண்டவர் நர்ஸிடம் போய், "கோபித்துக்கொள்ளாதே அம்மா" என்பதையும் பார்த்திருக்கிறோம். இரவெல்லாம் நின்றே வேலை பார்த்த அவளுடைய கால்வலி அப்போதுதான் அவர் கண்ணில் படும்.