எப்படி நின்று சுடுவது?

2015 நவம்பர் 17. சித்தூர் மாநகராட்சி அலுவலகத்தில் மேயர் கட்டாரி அனுராதா தன் அறையில் இருந்தார். பர்தா அணிந்து உள்ளே வந்தவர்கள் பெண்களல்ல என்று புரிவதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது. மேயர் இறந்தார். கத்தியால் தாக்கப்பட்ட அவர் கணவர் மோகனும் உயிர் பிழைக்கவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2013 அக்டோபர் 5 அன்று, ரேணிகுண்டா-அரக்கோணம் ரயில் பாதையில் உள்ள புத்தூரில் ஒரு வீட்டைத் தமிழகப் போலீசார் சுற்றி வளைத்தார்கள். உள்ளே பதுங்கியிருந்தவர்கள் தாக்கியதில் ஓர் இன்ஸ்பெக்டர் படுகாயம் அடைந்தார். போலீசாரிடம் துப்பாக்கி இருந்தும் கத்தி முந்திக்கொண்டது.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் பொதுவான அம்சம் தூரம். எதிரி ஒரே அறைக்குள், கிட்டத்தட்ட கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறான். தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் எப்படி நின்று சுட வேண்டும் என்று நிபுணர்கள் அறுபது ஆண்டுகளாக நடத்திவரும் சண்டையை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

டி.வி.யில் நாம் பார்க்கும் நிலை இதற்கு உதவாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கர் பக்கவாட்டில் நின்று ஒரு கையை மட்டும் நீட்டிச் சுடுகிறார். விதி அப்படி. இலக்கோ காகிதம், அது திருப்பித் தாக்காது.

இரு கைகளால் சுடுவதை ஒரு முறையாக்கிப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரக் காவலர் ஜாக் வீவர். 1950களில் கலிபோர்னியாவின் பிக் பேர் லேக்கில் நடந்த போட்டிகளில் பலரும் கௌபாய் பாணியில் இடுப்பிலிருந்தே ஒரு கையால் சுட்டு வேகத்தைக் காட்டினார்கள். பல தோட்டாக்கள் வீணாயின. வீவர் துப்பாக்கியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, இரு கைகளால் பிடித்து, நிதானமாகச் சுட்டு 1959இல் வென்றார். உடலைச் சற்றுத் திருப்பி, சுடும் கை பக்கத்துக் காலைப் பின்னே வைத்து, ஒரு கையால் முன்னே தள்ளி, மடங்கிய மறு கையால் பின்னே இழுக்க வேண்டும். இந்த இழுபறிதான் பின்னுதைப்பை அடக்குகிறது. ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் இதற்கு வீவரின் பெயரையே சூட்டி உலகெங்கும் பரப்பினார்.

1980களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் போன்ற போட்டியாளர்கள் வேறு வழிக்கு மாறினார்கள். இலக்குக்கு நேரே நெஞ்சைக் காட்டி, முழங்காலை லேசாக மடக்கி, இரு கைகளையும் சமமாக நீட்ட வேண்டும். மேலிருந்து பார்த்தால் கைகளும் மார்பும் பள்ளிப் பாடத்தில் வரும் இருசமபக்க முக்கோணம். பெயரும் அதுதான்: ஐசோசெலிஸ்.

வீவர் ஆதரவாளர்கள் உடல் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் எதிரிக்குச் சிறிய இலக்காகிறது என்பார்கள். குண்டு துளைக்காத உடுப்பு வந்த பிறகு அந்த வாதம் பலவீனமாகிவிட்டது. உடுப்பு நெஞ்சைக் காக்கும். திரும்பி நின்றால் அக்குளின் இடைவெளி எதிரியின் பக்கம் வந்துவிடும். அதைவிட முக்கியமானது பயம். திடுக்கிட்ட மனிதன் ஆபத்தை நேருக்கு நேர் பார்த்து, குனிந்து, இரு கைகளையும் முன்னே நீட்டுகிறான். முக்கோண நிலை ஏறக்குறைய அதுவே. வீவரின் இழுபறியை உடம்பு அந்த நொடியில் நினைவில் வைத்திருக்க, நிறையப் பயிற்சி வேண்டும்.

இன்னும் பழைய பாடம் ஒன்றும் உண்டு. சீக்கியர்களும் பணிபுரிந்த ஷாங்காய் மாநகரப் போலீசின் அதிகாரி ஃபேர்பேர்ன், சகாவான சைக்ஸுடன் சேர்ந்து 1942இல் எழுதிய புத்தகத்தில், மிக நெருக்கத்தில் குறிமுள்ளைத் தேட நேரமிருக்காது, குனிந்து ஒரு கையால் சுடு என்றார். சித்தூர் அறையின் அளவுக்கு இதுதான் பொருத்தமோ என்று தோன்றும். ஆனால் குறி பார்க்காமல் சுட்டால் தோட்டா பக்கத்திலிருப்பவரையும் பதம் பார்க்கலாம்.

நம் ஊர் நிலவரம் வேறு. 9 மி.மீ. பிஸ்டல் சாதாரணக் குடிமகனுக்குத் தடை செய்யப்பட்டது. கிடைப்பது பெரும்பாலும் கான்பூரில் தயாரான .32 ரிவால்வர். 2014இல் பெண்களுக்கென்று வந்த 'நிர்பீக்' சுமார் அரை கிலோதான். கைப்பையில் அடங்கும், ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். சுத்தியலைப் பின்னே இழுக்காமல் சுட்டால் விசை கனமானது. ஒரு கையால் அழுத்தினால் குழாய் கீழே சாயும். உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன 2016 ஆம் ஆண்டு விதிகள். ஆனால் வாங்கும் தோட்டாக்களுக்கு வரம்பு உண்டு. வருடத்தில் சில முறை மட்டும் சுட்டுப் பழகுகிறவருக்கு, மறக்க வாய்ப்புக் குறைந்த முக்கோண நிலையே மேல்.

அதுவும் துப்பாக்கி கையில் வந்த பிறகுதான். கத்தியோடு நாலு தப்படியில் நிற்பவன் பாய்ந்தால், உறையிலிருந்து உருவும் நேரமே கிடைக்காது. பின்வாங்குவதும், மேஜையையோ கதவையோ இடையில் கொண்டுவருவதும் பயிற்சியின் பகுதி. எந்த நிலையில் நின்று சுட்டார் என்று நீதிமன்றம் கேட்கப்போவதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆபத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அவை இடம் தருவதில்லை. சுடும்போது எதிரி முன்னே வந்துகொண்டிருந்தானா, ஓடிக்கொண்டிருந்தானா என்பதுதான் அங்கே எழும் கேள்வி.