புயலுக்குப் பின் வீட்டுக்கு வரும் மின்கம்பி

கார்த்திகை, மார்கழியில் வடக்கு கிழக்கில் காற்றும் அடைமழையும் வருவது புதிதல்ல. 1978 இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளியை வயதானவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 2008 நவம்பரில் நிசா வந்தது, 2020 டிசம்பரில் புரெவி வந்தது. பல வருடங்கள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பி, பணம் சேர்த்து மின் இணைப்பும் எடுத்த நீங்கள், ஒரு காலையில் அந்தக் கம்பி முற்றத்தில் கிடப்பதைக் கண்டால் மனம் பதறும். பிள்ளைகள் படிக்க வேண்டும், கிணற்று மோட்டர் ஓட வேண்டும், அதனால் நாமே தூக்கிக் கட்டிவிடுவோம் என்று தோன்றும். அந்த அவசரம் உயிரை எடுத்துவிடும். ஆகவே முதலில் அந்தக் கம்பி எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

மீற்றருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

வீதியில் உள்ள மின்கம்பத்திலிருந்து உங்கள் சுவருக்கு இழுத்துக் கட்டியிருப்பதைச் சேவிஸ் வயர் என்பார்கள். அந்த வயரும், மீற்றரும், மீற்றரில் குத்தியிருக்கும் முத்திரையும் மின்சார சபைக்கு உரியவை. மீற்றருக்குப் பின்னால் உள்ள மெயின் சுவிச், றிப் சுவிச், வீட்டு வயரிங் என்பன உங்களுடையவை.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், பலர் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, இனிப் பயமில்லை என்று வெளியில் போய்க் கம்பியைத் தொடுகிறார்கள். மெயின் சுவிச் நிறுத்துவது வீட்டுக்குள் போகும் மின்சாரத்தை மட்டுமே. வெளியில் தொங்கும் வயரில் 230 வோல்ற் அப்படியே இருக்கும். றிப் சுவிச்சும் அதேபோலத்தான். அது தனக்குப் பின்னால், அதாவது வீட்டு வயரிங்கில் நடக்கும் கசிவை உணர்ந்து விழும். முற்றத்தில் நிற்கும் உங்களைச் சேவிஸ் வயர் பிடித்தால் அதற்கு எதுவும் தெரியாது. இன்னும் ஒன்று: வயரின் மேலுள்ள கறுப்பு உறையை நம்ப வேண்டாம். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த உறை வெடித்திருக்கும், புயலில் உரசிக் கிழிந்தும் இருக்கும்.

ஊர் முழுக்க இருட்டாக இருந்தாலும் கம்பியில் மின் இல்லை என்று எண்ணாதீர்கள். சபையின் ஊழியர்கள் தொலைவில் ஒரு இடத்தைத் திருத்தி மின்சாரத்தை விடும்போது, உங்கள் வளவில் கிடக்கும் கம்பிக்கும் அது வரும். அதற்கு முன்னறிவித்தல் கிடைக்காது. பக்கத்து வீட்டில் யாரோ ஜெனரேற்றரைச் சுவர் பிளக்கில் கொழுவியிருந்தால், அந்த மின்சாரமும் பின்பக்கமாகக் கம்பிக்கு ஏறலாம். அது கம்பத்தில் ஏறி வேலை செய்பவரையும் கொல்லக்கூடியது. ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள் அதிலிருந்து நேரடியாக ஒரு வயரை எடுத்து லயிற்றுக்கோ பிரிஜ்ஜுக்கோ கொடுங்கள், வீட்டு வயரிங்கில் கொழுவவே வேண்டாம். அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டவும் வேண்டாம், அதன் புகை மணமில்லாமலே ஆளை மயக்கிக் கொல்லும்.

வேலியும் தகரமும்

அறுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீற்றர், அதாவது முப்பது அடிக்கு மேல் தள்ளி நில்லுங்கள். மழை ஈரத்தில் நிலத்தாலும் மின்சாரம் பரவும். கிட்டப் போன பிறகுதான் கண்டீர்கள் என்றால் ஓடாதீர்கள், எட்டி வைக்காதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒன்றாக வைத்து, நிலத்திலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாக அரக்கி விலகுங்கள். கால்கள் அகல இருந்தால் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கும். றப்பர் செருப்புப் போட்டிருக்கிறேன் என்று துணியவும் வேண்டாம், நனைந்த செருப்பு காப்பல்ல.

எங்கள் பகுதிகளில் அதிகம் கவனிக்காமல் விடுவது வேலியைத்தான். கிளுவைக் கதியாலில் அடித்த முட்கம்பியின் மேல் மின்கம்பி விழுந்தால், அந்த வேலி போகும் தூரம் வரைக்கும் மின்சாரம் போகலாம். கம்பி விழுந்தது நான்காவது வளவில், ஆனால் உங்கள் படலையைத் தொட்ட மாடு செத்துக் கிடக்கும். ஒழுங்கையில் எங்காவது கம்பி அறுந்திருந்தால் அந்தப் பக்கத்து முட்கம்பி வேலி ஒன்றையும் தொடாதீர்கள். ஆடு மாட்டை அவிழ்த்து விடாதீர்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

தற்காலிகத் தகரக் கொட்டகையில் இருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். காற்றில் இழுபட்ட சேவிஸ் வயர் தகர விளிம்பில் உரசிக்கொண்டிருந்தால், உறை தேய்ந்து கூரை முழுவதும் மின்சாரம் ஏறும். கூரையோடு கட்டிய உடுப்புக்கொடியிலும் ஏறும். ஈரக் கையோடு தகரத்தையோ கொடியையோ தொட்டபோது விறுவிறுப்பாக இருந்தது என்று யாராவது சொன்னால், அதைச் சிறிய விடயமாக எடுக்காதீர்கள். எல்லோரும் தகரத்தில் படாமல் வெளியே வந்து தள்ளி நின்று, மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

கம்பியில் விழுந்து கிடக்கும் தென்னோலை, பனைமட்டை, முறிந்த கொப்பு எதையும் கொக்கத்தடியால் இழுக்க வேண்டாம். நனைந்த தடி மின்சாரத்தைக் கடத்தும். வீதியோரம் உயரமாகப் பீங்கான்களில் போகும் கம்பிகளில் 11,000 அல்லது 33,000 வோல்ற் இருக்கும். அவற்றுக்குக் காய்ந்த தடிகூடப் பாதுகாப்பில்லை.

யாரையாவது மின்சாரம் பிடித்தால் அவரைக் கையால் தொடாதீர்கள். வீட்டுக்குள் என்றால் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். வெளிக்கம்பி என்றால் சபை மின்சாரத்தை நிறுத்தும்வரை கிட்டப் போக வேண்டாம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் இறந்த வீடுகள் உண்டு. விடுபட்டவர் மூச்சு விடவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் பலமாகவும் வேகமாகவும் அழுத்திக்கொண்டே இருங்கள், இன்னொருவர் 1990 அம்புலன்ஸை அழைக்கட்டும்.

அறிவித்தலும் காத்திருத்தலும்

மின்சார சபையின் தொலைபேசி இலக்கம் 1987. கதைக்கும்போது உங்கள் மின்பட்டியலில் உள்ள பத்து இலக்கக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். பட்டியல் மழையில் நனைந்து போகலாம் என்பதால் அந்த எண்ணை இப்போதே இந்தக் கைநூலின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். கம்பம் விழுந்ததா, வீதிக் கம்பி அறுந்ததா, உங்கள் சேவிஸ் வயர் மட்டுமா, யாருக்காவது உடனடி ஆபத்து உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அருகிலுள்ள கோயில், பாடசாலை, கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கம் போன்ற அடையாளத்தையும் கொடுங்கள். வெளியூரிலிருந்து உதவிக்கு வரும் ஊழியர்களுக்கு உங்கள் ஒழுங்கை தெரியாது. தொலைபேசி எடுபடாவிட்டால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழையுங்கள்.

பெரிய புயலுக்குப் பின் முதலில் வைத்தியசாலை, பிரதான வழிகள், பிறகு ஊர்க் கம்பிகள், கடைசியில்தான் தனி வீடுகள் என்று வேலை போகும். சில நாட்கள் பிடிக்கலாம். அந்த நாட்களில் “நான் இழுத்துத் தருகிறேன்” என்று காசு கேட்டு வருபவரைக் கம்பத்தில் ஏற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம், விழுந்து இறந்தால் அந்தப் பழி உங்கள் வீட்டு வாசலில்தான். பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் வயர் இழுப்பதும் அதே ஆபத்துத்தான்.

காத்திருக்கும் நேரத்தில் உங்கள் பக்கத்து வேலையை முடிக்கலாம். வயரைக் கட்டும் கொழுக்கி இருந்த சுவரோ மரத்தூணோ விழுந்திருந்தால், சபை வந்தாலும் கட்ட இடமில்லாமல் திரும்பிவிடும். அந்த இடத்தைப் பலமாகத் திருத்தி வையுங்கள். ஆனால் வயர் அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், அவர்கள் வந்து கழற்றும்வரை கை வைக்க வேண்டாம். தண்ணீர் ஏறிய பிளக்குகளையும் சுவிச்சுகளையும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். சேதத்தைத் தள்ளி நின்று படம் எடுத்துக் கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

புதிதாக ஏர்த் கம்பி இறக்கவோ தூண் நடவோ குழி தோண்ட வேண்டியிருந்தால், அந்த நிலம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதுதானா என்று முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள். வெள்ளம் வெடிபொருட்களை இடம்மாற்றும், வேரோடு சாய்ந்த மரம் அவற்றை மேலே கொண்டுவரும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், போன வழியே திரும்பி வந்து 119 இல் பொலிசாருக்குச் சொல்லுங்கள்.

மின்சாரம் திரும்பி வந்ததும்

இணைப்பு வரும்போது மெயின் சுவிச் நிறுத்தியே இருக்கட்டும், எல்லாப் பிளக்குகளையும் கழற்றி வையுங்கள். பிறகு மெயினைப் போட்டு, றிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது பழுது, மெயினை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். விழுந்தால் மீண்டும் தூக்கி, ஒரு லயிற்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அது கண்கூசும்படி பளீரென்று எரிந்தாலோ, ஒன்று மங்கி மற்றது பிரகாசித்தாலோ, வெளியில் நியூற்றல் கம்பி அறுந்திருக்கலாம். மெயினை நிறுத்தி 1987 க்குச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் தொலைக்காட்சியும் பிரிஜ்ஜும் எரிந்துபோகும்.

லயிற் ஒழுங்காக எரிந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொழுவுங்கள். ஒரு பொருளைக் கொழுவும்போது றிப் சுவிச் விழுந்தால் கோளாறு அந்தப் பொருளில்தான் இருக்கும், திருத்தும்வரை அதை ஒதுக்கி வையுங்கள். கிணற்று மோட்டரை எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போடுங்கள், வெள்ளம் மூடியிருந்தால் அதைக் காய வைத்து, மின்னிணைப்பாளர் பார்த்த பிறகு மட்டும்.