பித்தளை இணைப்பிகள்: வரைபடத்தில் தொடங்கும் சிக்கனம்

இரு குழாய்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பித்தளை அழுத்த இணைப்பி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருள். குடிநீர்க் குழாய்களிலும் எரிவாயுக் குழாய்களிலும் தொழிற்சாலைகளின் காற்றழுத்தக் கருவிகளிலும் அது பயன்படுகிறது. அது கசிந்தால் நீர் வீணாகும். எரிவாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய பொருளின் விலையும் நம்பகத்தன்மையும் கடைசல் பட்டறையில் தீர்மானிக்கப்படுவதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அவற்றின் பெரும்பகுதி, பட்டறைக்கு வருமுன், வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஜாம்நகரின் நிலை

குஜராத் மாநிலத்தின் ஜாம்நகர், நாட்டின் பித்தளை உதிரிப் பாகத் தொழிலில் தலையாய இடம் வகிக்கிறது. சங்கர் தேக்ரி, தரேட் முதலிய தொழிற்பேட்டைகளிலும் நகரின் பிற பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான சிறு, குறுந்தொழில் அலகுகள் இயங்குகின்றன. இறக்குமதியாகும் பழைய பித்தளை இவற்றின் முக்கிய மூலப்பொருள்களுள் ஒன்று. ஓர் அலகு உருக்குகிறது, மற்றொன்று கம்பியாக்குகிறது, வேறொன்று கடைகிறது, இன்னொன்று முலாம் பூசுகிறது. இந்த வேலைப் பிரிவினையால் குறைந்த முதலீட்டிலும் ஒருவர் தொழில் தொடங்க முடிகிறது.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. வாங்குவோர் ஒரு மாதிரியைக் கொடுப்பதும், பட்டறை அதைப் பார்த்து அப்படியே செய்து தருவதும் சிறுதொழிலில் காணப்படும் வழக்கம். மாதிரியிலிருந்து அளவை அறியலாம். அந்த அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையோ, அது ஏன் அவ்வாறு அமைந்தது என்பதையோ அறிய இயலாது.

இணைப்பி இயங்கும் முறை

அழுத்த இணைப்பிக்கு மூன்று உறுப்புகள் உண்டு: உடல், நட்டு, இரண்டுக்கும் இடையே குழாயின் மீது அமரும் வளையம். நட்டை முடுக்கும்போது வளையம் உடலின் சரிவான வாய்க்குள் தள்ளப்படுகிறது. அங்கு அது சுருங்கிக் குழாயை இறுகப் பற்றி, கசிவை அடைக்கிறது. எனவே சரிவின் கோணம், அதன் வழவழப்பு, வளையத்தின் உள்விட்டம், குழாயின் வெளிவிட்டம் ஆகியவையே உயிர்நாடியான அளவுகள். வளையம் உடலைவிட மென்மையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அது சுருங்குவதற்குப் பதிலாக உடலின் வாயைக் கெடுத்துவிடும்.

சீவலாகும் உலோகம்

ஒரு நட்டை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே 24 மி.மீ. அளவுள்ள அறுகோணக் கம்பியிலிருந்து 16 மி.மீ. உயர நட்டு கடையப்படுகிறது எனில், அத்துண்டின் எடை ஏறக்குறைய 68 கிராம். உட்துளையும் மரையும் இடுவதில் அதில் பாதி சீவலாகிவிடும். கம்பியை வெட்டும் உளி 3 மி.மீ. அகலமுடையதானால், ஒவ்வொரு வெட்டிலும் மேலும் 12 கிராமுக்கு மேல் சீவலாகும்.

சீவலை மீண்டும் உருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் கம்பியின் விலை சீவலுக்குக் கிடைப்பதில்லை. மேலும் துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிப்பதால், உருக்கும்போது அதில் ஒரு பகுதி புகையாகப் போய்விடுகிறது. மரையின் பிடிப்புக்குக் குறைவு வராமல் நட்டின் உயரத்தை 2 மி.மீ. குறைக்க முடிந்தால், ஒரு லட்சம் நட்டுகளில் சுமார் 850 கிலோ கம்பி மிச்சமாகும். இந்தச் சிக்கனத்துக்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

நேரான உறுப்புகளைக் கம்பியிலிருந்து கடையலாம். முழங்கை, மும்முனை போன்றவற்றை அவ்வாறு கடைந்தால் சேதம் மிகுதி. அவற்றைச் சூடாக்கி அச்சில் அழுத்தி உருவாக்குவதே சிக்கனம். அதற்கேற்ப, அச்சின் இரு பாதிகளும் பிரியும் தளத்தையும், பொருள் எளிதில் வெளிவருவதற்கான சரிவையும், மூலைகளின் வளைவையும் வடிவமைப்பாளர் முன்னரே வகுத்தாக வேண்டும்.

எங்கே துல்லியம் தேவை?

எல்லா அளவுகளுக்கும் ஒரே துல்லியத்தைக் கேட்பது மற்றொரு பிழை. சரிவும் மரையும் வளையத்தின் உள்விட்டமும் துல்லியமாக அமைய வேண்டும். உடலின் வெளிப்புற நீளம் சிறிது கூடினும் குறையினும் கசிவு ஏற்படுவதில்லை. தேவையற்ற இடத்தில் துல்லியம் கேட்டால் கழிக்கப்படும் பொருள்கள் பெருகும்; தேவையான இடத்தில் அதை விட்டால் கசிவு பெருகும். உயிர்நாடியான அளவுகளுக்கு மட்டும் 'நுழையும், நுழையாது' வகை அளவிகளை வைத்துக்கொண்டால், தொழிலாளியே இயந்திரத்தருகில் நின்று சோதித்துக்கொள்ளலாம்.

உலோகத்தின் இயல்பு

எளிதில் கடையத்தக்க பித்தளையில் ஏறக்குறைய 58 விழுக்காடு செம்பும் 2 முதல் 3 விழுக்காடு ஈயமும் இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் துத்தநாகம். இவ்வகைக் கம்பிகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 319. ஈயம் பித்தளையில் கரைவதில்லை. நுண்துகள்களாக நின்று சீவலைச் சிறு சிறு துண்டுகளாக உடைக்கிறது. இதனால் இயந்திரம் விரைவாக ஓட முடிகிறது.

அதே ஈயம் குடிநீரில் கலப்பது உடலுக்குக் கேடு. ஐ.எஸ். 10500 தரத்தின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, குடிநீரில் ஈயத்தின் வரம்பை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என வகுத்தது. அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல், குடிநீர்ச் சாதனங்களின் நீர் படும் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 விழுக்காட்டை மிஞ்சலாகாது. ஈயம் குறைந்த பித்தளை கடைவதற்குக் கடினமானது. எனவே உளி, வேகம், வடிவம் ஆகிய அனைத்தையும் மறுபடி திட்டமிட வேண்டியுள்ளது. பழைய பித்தளையைக் கலந்து உருக்கும் அலகுகள், ஈய அளவைச் சோதித்தறியாமல் இச்சந்தைக்குள் நுழைய இயலாது.

பித்தளையின் மற்றொரு இயல்பும் கருதத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்புற்றன. உலோகத்தில் தங்கிய உள்ளிறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. குளிர்நிலையில் இழுக்கப்பட்ட கம்பியில் செய்த நட்டுக்கும் இதே விபத்து நேரலாம். மிதமான சூட்டில் வைத்து உள்ளிறுக்கத்தைத் தணிப்பது இதற்குரிய காப்பு. அந்தச் செய்முறையையும் வரைபடத்தில் குறித்தல் அவசியம்.

செய்யத்தக்கவை

வாங்கும் துறைகள் மாதிரியை மட்டும் அளிக்காமல், அளவு வரம்புகளும் உலோகத் தரமும் சோதனை முறையும் குறித்த வரைபடத்தை அளித்தல் வேண்டும். ஆமதாபாத்தின் இந்திய-ஜெர்மானியக் கருவிக்கூடம் போன்ற பயிற்சி நிலையங்களின் உதவியைச் சிறு அலகுகள் வடிவமைப்புக்கும் அச்சுத் தயாரிப்புக்கும் நாடலாம். உலோகப் பகுப்பாய்வு, கசிவுச் சோதனை ஆகியவற்றுக்குப் பல அலகுகள் கூடிப் பொது வசதி அமைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும்.

பிறர் மாதிரியைப் பார்த்துச் செய்யும் பட்டறை, கூலியில் மட்டுமே போட்டியிட முடியும். ஒவ்வோர் அளவும் ஏன் அவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்த பட்டறையே, எங்கே உலோகத்தைக் குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்று வாங்குவோரிடம் எடுத்துரைக்க முடியும். சிறுதொழில் கூலி வேலையிலிருந்து உற்பத்தித் தொழிலாக உயர்வதற்கு வழி அதுவே.